ஆளில்லாத புனிதை

அக்கா கசநோயோடு பெரியாஸ்பத்திரியில் கிடந்த வருடம், கொழும்பிலிருந்த புனிதர்களில் ஒருவரையும் அம்மா நிம்மதியாக இருக்க விடவில்லை. செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார். மற்ற நாட்களில் கொட்டாஞ்சேனைக் கோயில்களிலிருந்த சுரூபங்கள் எல்லாம். துறைமுகத்தில் கிளாக்கராயிருந்த அப்பா, நத்தார்ப் பூசைக்கும் முழங்காலிடாத மனிதர். "உம்மட செபம் மெழுகுதிரிக்காரனுக்குத்தான் பலிச்சிருக்கு" என்று கேலி செய்வார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவும் நானும் ட்ராமில் ஆஸ்பத்திரிக்குப் போவோம். சிறுபிள்ளைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள். அக்கா ஜன்னலால் எனக்குக் கை காட்டுவாள். ஒரு ஞாயிறு நேரத்தோடே போய்விட்டதால் கறுவாத்தோட்டப் பக்கம் நடந்தோம். மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கப் போன இடம் மியூசியம்.

அங்கே பின்னறையொன்றில், மரப்பீடத்தின்மேல், சாந்தில் வார்த்த ஒரு பெண்பிள்ளையின் உருவம் இருந்தது. ஒரு சாண் உயரம், மார்பு வரைதான். தலையில் முக்காடு, கண்கள் மேலே பார்த்தபடி. ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரை யாரோ கொடுத்துவிட்டுப் போனதாயிருக்கும். கீழே இங்கிலீசில் ஏதோ எழுதியிருந்தது. அம்மாவுக்கும் எனக்கும் இங்கிலீசு தெரியாது.

அம்மா அதைத் தொட்டு, விரல்களை முத்தமிட்டாள். காவலாளி ஓடிவந்து, "அல்லண்ட எப்பா, நோனா!" என்று சிங்களத்தில் கத்தினான். தொடாதே என்கிறான் என்பது கொட்டாஞ்சேனைக்காரிக்கா விளங்காது? அவன் முதுகைத் திருப்பும்வரை பொறுத்திருந்து மறுபடியும் தொட்டாள்.

வெளியே வந்ததும் காரணம் சொன்னாள். "அந்தோனியாரிட்ட ஆயிரம் சனம் போய் அழுகுது. அவரும் எத்தினை பேருக்கெண்டு காது குடுப்பார்? இந்தப் பிள்ளைக்கு ஒரு மெழுகுதிரி இல்ல, கும்பிட ஒரு ஆள் இல்ல. எங்கட குரல் மட்டும்தானே அவவுக்குக் கேக்கும்."

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. அந்த விரல்களை அம்மா கழுவாமல் கொண்டுபோய் அக்காவின் நெற்றியில் வைத்தாளாம். அன்று அக்கா கோப்பை நிறையக் கஞ்சி குடித்தாளாம். அதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்? அதன்பின் மியூசியத்துக்குப் போகாமல் நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனதில்லை.

மழைக்காலம் முடியுமுன்னே அக்காவின் கை ஜன்னலுக்கு வராமல் நின்றுவிட்டது. அந்த ஞாயிறு அம்மா அப்பாவையும் மியூசியத்துக்கு இழுத்துப் போனாள்.

"நீங்களும் ஒருக்காக் கேளுங்கோ. தேப்பன் கேட்டா இரங்குவா."

அப்பா குனிந்து அந்த இங்கிலீசு எழுத்தைப் படித்தார். வழக்கமான கேலிச்சிரிப்பு உதட்டுக்கு வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது.

"என்ன பேர் போட்டிருக்கு? புனிதைதானே?" என்றாள் அம்மா.

அப்பா அவள் முகத்தைப் பார்த்தார். "ஓம்," என்றார். "புனிதைதான்."

பிறகு அவரும் அந்தச் சாந்துப் பிள்ளையைத் தொட்டு விரலை முத்தமிட்டார். தோள் குலுங்க அழுதார். காவலாளிகூடத் தடுக்க வரவில்லை. எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. அப்பாவையே மனந்திருப்பிய புனிதைக்கு அக்காவைச் சுகமாக்குவது எம்மாத்திரம்!

அக்கா அடுத்த ஞாயிறைக் காணவில்லை.

அக்காவைப் புதைத்துவிட்டுச் சேமக்காலையிலிருந்து திரும்பிய அம்மா முன்னறையில் வெறுந்தரையில் உட்கார்ந்தாள். அழுவதற்கும் அவளிடம் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

"ஒருத்தரும் கேக்காத பிள்ளையிட்டப் போய்க் கேட்டன். அவவும் ஏன் என்னைக் கைவிட்டவ?"

அப்பா அவள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தார். பிறகு, "அவளும் சின்னப்பிள்ளைதானே," என்றார்.

புனிதைக்கு வக்காலத்து வாங்குகிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எந்தச் சுரூபத்துக்கும் மெழுகுதிரி ஏற்றப்படவில்லை.

இங்கிலீசு வாசிக்கத் தெரிந்தபின், அப்பாவின் அலுமாரியில் பக்கங்கள் மஞ்சளாகிப்போன ஒரு நாவலை எடுத்தேன். முதற்பக்கத்துச் சித்திரத்தில் அதே முக்காடு, மேலே பார்க்கும் அதே கண்கள். அவள் புனிதையுமில்லை, உலகத்தில் பிறந்தவளுமில்லை. யாரோ ஒருவர் எழுதிய கதையில் வரும் பிள்ளை. நடுக்கதையில் அவளுக்கு இருமல் தொடங்குகிறது. அவளுடைய தகப்பன் கட்டிலருகே முழங்காலிட்டு மன்றாடுகிறான். கதை முடிவதற்குள் அவள் செத்துப்போகிறாள்.

அன்று மியூசியத்தில் அப்பா வரம் கேட்டு அழுகிறார் என்றே நினைத்திருந்தேன். எங்கள் மூவரில் அந்தக் கதையைப் படித்திருந்தவர் அவர் ஒருவர்தான்.