கமலா பெயரில் இருந்த பத்திரம்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் ஒரு மாடி அறை. குடியிருந்தது இரண்டு பேர், வாடகைப் பத்திரத்தில் இருந்தது ஒரே பெயர். கமலா ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடிப்பவள் என்பதால் வீட்டுக்கார அமிர்தம் அவளை நம்பிக் கொடுத்திருந்தாள். கூட இருந்த ஷர்புன்னிசா ரவிக்கை தைப்பவள், புருஷனை விட்டு வந்தவள். அவள் பெயரையும் சேர்க்கச் சொன்னால் காரியம் கெட்டுவிடும் என்று இருவருமே வாயை மூடிக்கொண்டார்கள்.

ஐந்தாம் மாதம் கமலாவுக்குச் சேலத்தில் நல்ல வேலை கிடைத்தது. ஒரு வார்த்தை சொல்லாமல் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். ஷர்புன்னிசாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போறதுன்னா போ. வூட்டுக்காரம்மாகிட்ட நேர்ல சொல்லிட்டுப் போ. பத்திரத்துல இன்னும் ஆறு மாசம் கீது, நான் எங்க போவேன்?"

கீழே போய்ச் சொன்னார்கள். அமிர்தத்துக்கு முகம் விழுந்துவிட்டது.

"விடியறதுக்கு முன்ன எழுந்து என் தொட்டிக்குத் தண்ணி வுட்ட பொண்ணு. அவளே போனப்புறம் நீ எதுக்கும்மா? மாசக் கடைசில காலி பண்ணிடு."

கமலா தன் கால்விரலைப் பார்த்தாள். ஒருநாள் விட்டு ஒருநாள் விடியற்காலையில் வரும் குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஊற்றியது ஷர்புன்னிசாதான். பஜர் தொழுகைக்கு எப்படியும் எழுந்திருப்பவள், முழங்கால் வலியில் படுத்திருக்கும் அமிர்தத்தின் தொட்டியையும் நிரப்பிவிட்டுத்தான் மேலே வருவாள். ஷர்புன்னிசா அதை அப்போதே சொல்லியிருக்கலாம். ஊரை விட்டுப் போகிறவளை வாசலில் வைத்துக் கேவலப்படுத்த மனசு வரவில்லை. கோபம் மட்டும் ஆறவேயில்லை.

அதற்காக அவள் அழுதுகொண்டு உட்காரவில்லை. வெள்ளிமலையிலிருந்து ஜவுளிக்கடை வேலைக்கு வந்து தங்க இடம் தேடிக்கொண்டிருந்த ஆண்டாளிடம் பேசி வைத்தாள்.

கமலா போன மறுநாள் தண்ணீர் முறை. இனி யார் இருக்கிறார்கள் என்று அமிர்தம் நொண்டிக்கொண்டே தவலையோடு வெளியே வந்தாள். ஷர்புன்னிசா பிடித்திருந்த டியூபிலிருந்து தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"நீ இன்னாமா பண்ற?"

"எப்பவும் பண்றதைத்தான். கமலா ஏழு மணிக்குத்தாங்க கண்ணே தொறக்கும்."

அமிர்தம் தவலையைக் கீழே வைத்தாள். "மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

"நீங்க கேக்கலீங்க. காலி பண்ணச் சொன்னா பண்ணிடறேன். இருக்கச் சொன்னா, ஒரு பொண்ணைக் கூட்டியாறேன். ஆனா பத்திரம் என் பேர்ல வேணும்."

தொட்டி நிரம்பி வழிந்தது. அமிர்தம் டியூபை வெளியே எடுத்துப் போட்டாள். பிறகு, "பொழுது விடியட்டும், பத்திரம் வாங்கியாரச் சொல்றேன்" என்றாள்.

அப்பா வீடு, புருஷன் வீடு, கமலா வீடு என்று முப்பத்தாறு வயது ஓடிவிட்டிருந்தது. புதுப் பத்திரத்தில் ஷர்புன்னிசா தன் பெயரை எழுத்துக் கூட்டி நிதானமாகப் போட்டாள். அமிர்தம் பத்திரத்தை மடிக்கப் போனாள்.

"இருங்க," என்று அதை வாங்கி, பக்கத்தில் நின்ற ஆண்டாளிடம் பேனாவை நீட்டினாள் ஷர்புன்னிசா. "நீயும் போடு."