ஆறு பொட்டு வைத்த சண்டை விமானம்

வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள். கோலா சிலாங்கூரிலிருந்து லோரியில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் வந்து இறங்கினார்கள். எங்களைப் பாதுகாக்க வந்தவர்களுக்குத் தங்க இடம் வேண்டாமா? ஆபீஸ் குமாஸ்தாக்களான கிராணிமாரின் வீடுகளில் கடைசி வீட்டை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, அதில் குடியேற வேண்டிய சின்னக் கிராணியான என்னை, அம்மாவோடு தொழிலாளர் லயத்திலேயே இருந்துகொள்ளச் சொன்னார்கள். ஒரே கூரையின் கீழ் பன்னிரண்டு குடும்பம். வாசலில் ஒரே தண்ணீர்க் குழாய். காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகள் ஆட்களைக் கொன்றார்கள், மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். என் விஷயத்தில் அவர்கள் செய்தது என் கல்யாணத்தை நிறுத்தி வைத்ததுதான்.

பெண்ணின் தகப்பனார் கோலா குபு பாருவில் அரசாங்க ஆபீசில் இருந்தார். பெண் பார்த்து, பேசி, எல்லாம் முடிந்த பிறகு எங்கள் லயத்தை ஒரு முறை வந்து பார்த்தார். அதோடு சரி.

"ஒங்கள நான் ஒண்ணும் கொற சொல்லல தம்பி. ஆனா எம்பொண்ணு கொழாயடியில வரிசையில நிக்க மாட்டா. கிராணி வீடு கெடைச்சதும் ஒரு தந்தி அடிங்க. மறுநாளே நாள் பாத்துரலாம்" என்றார். எனக்கு அப்போதே முப்பது வயது. அந்தப் பெண்ணை ஒரே ஒரு தடவை பார்த்திருந்தேன். அந்த ஒரு தடவையே போதுமானதாக இருந்தது.

வீட்டைக் கொடுக்கக்கூடியவர் தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை ஒருவர்தான். அவர் போரில் பர்மாவில் ஸ்பிட்ஃபயர் என்ற சண்டை விமானத்தை ஓட்டியவர். மேசைமேல் அந்த விமானத்தின் பக்கத்தில் அவர் நிற்கும் புகைப்படம் இருந்தது. ஒரு நாள், நான் ஜெலுத்தோங் என்ற மெல்லிய மரக்கட்டையில் செதுக்கிய ஆபீஸ் முத்திரைத் தாங்கியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிளப்பில் மற்ற துரைமார் புலித்தலையும் மான்கொம்பும் மாட்டியிருக்கிறார்கள், தனக்கு மாட்ட ஒன்றும் இல்லை என்று ஆங்கிலத்தில் குறைப்பட்டுக்கொண்டார். அந்த விமானத்தைச் சின்ன அளவில் செய்ய முடியுமா என்று கேட்டார். நன்றாக வந்தால் என் வீட்டு விஷயத்தைக் கவனிப்பதாகவும் சொன்னார். முடியாது என்று சொல்ல நான் என்ன பைத்தியமா?

நிஜத்தில் இரண்டடி எனக்கு ஓர் அங்குலம் என்று கணக்கு வைத்துக்கொண்டேன். துரையின் பழைய பத்திரிகை ஒன்றில் இருந்த வரைபடத்தைப் பெரிதாக்கி, அட்டையில் வெட்டி, அந்த அட்டையை வைத்துப் பார்த்துப் பார்த்து உடலைச் செதுக்கினேன். கொஞ்சம் அதிகமாகச் சீவினால் விமானம் கெளுத்தி மீனாகிவிடும்; இரண்டு கெளுத்திகளை அடுப்பில் போட்டேன். சுண்ணாம்புத் தூளையும் வஜ்ஜிரப் பசையையும் குழைத்து மரத்தின் கண்களை அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். பழைய ஃபிலிமை வெந்நீரில் கழுவி விமானியின் கண்ணாடிக் கூண்டு. பால்டின் தகரத்தில் காற்றாடி.

பச்சை பெயிண்ட் லயத்துக் கதவுகளுக்கு வாங்கியதில் மிச்சம் இருந்தது. நீலம் வாங்க டவுனுக்குப் போனேன். திரும்பி வரும்போது சாலைத் தடுப்பில் டின்னைத் திறக்கச் சொன்னார்கள். காட்டுக்காரர்களுக்கு அரிசி கடத்துகிறேனாம். போலீஸ்காரர் ஒரு குச்சியை விட்டு அடிவரை கிளறிப் பார்த்தார், பிறகு அந்தக் குச்சியை என் சட்டையில் துடைத்தார். அரசாங்கம் அந்த அளவுக்கு விழிப்பாக இருந்தது.

மேல்பக்கம் பச்சையும் மண்நிறமும் என்று துரை சொன்னார். அடிப்பக்கம் எப்படி இருக்கும் என்று கேட்டேன். யோசித்தார். "சாம்பல் நிறம் என்று நினைக்கிறேன். நான் அதற்கு மேலே உட்கார்ந்திருந்தவன்" என்றார்.

நான் அதற்குக் கீழே படுத்திருந்தவன். ஜப்பான்காரன் காலத்தில் என்னையும் என் அண்ணனையும் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். பர்மா பக்கத்து முனையில் இருந்தோம். கடைசி மாதங்களில் இந்த மாதிரி விமானங்கள் தாழ்வாக வந்து சுட்டன. இறக்கையில் சிவப்பு வட்டம் இருந்தால் ஜப்பான்காரன், வேலையைப் பார்க்கலாம். நீல வட்டம் என்றால் வெள்ளைக்காரன், ஓட வேண்டும். ஒரு நாள் காலையில் அண்ணன் காய்ச்சலில் கிடந்தான், ஓட முடியவில்லை. அவனைப் பள்ளத்துக்கு இழுத்துக்கொண்டு வருவதற்குள் குண்டு பட்டுவிட்டது. ஊர் திரும்பியதும் அம்மாவிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். துரையிடம் சொல்லவில்லை. சொன்னால் அண்ணன் வரப்போவதில்லை, வீடும் வரப்போவதில்லை. ஆகவே துரை சொன்னபடி மேல்பக்கத்தையும், எனக்குத் தெரிந்தபடி அடிப்பக்கத்தையும் தீட்டினேன். கரும் நீல வட்டம், நடுவில் வெளிர் நீலம். மேலே இரண்டு, கீழே இரண்டு, பக்கத்துக்கு ஒன்று, ஆக ஆறு. அவ்வளவு நேர்த்தியாக வந்ததில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இன்றுவரை அந்தப் பெருமையை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

கிளப்பில் மாட்டுவதற்கு முதல் நாள் அதைத் தோட்டத்துப் பட்டறையில் காயவைத்தேன். அன்றைக்கு ஆயுத பூசை. உளி, ரம்பம், பால்வெட்டுக் கத்தி, லோரி எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு வந்த டிரைவர், விமானத்தையும் விடவில்லை. ஆறு வட்டத்தின் நடுவிலும் ஆறு பொட்டு. கவிழ்த்துப்போட்டு அடியிலும் வைத்திருந்தான். ஈரப் பெயிண்டில் குங்குமம் ஊறிவிட்டது. துடைக்கத் துடைக்கச் சிவப்பு பரவியது.

"என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க?" என்றேன்.

"பொட்டு வைக்கத்தானே வட்டம் போட்டு வச்சிருந்தீங்க கிராணி?" என்றான் அவன்.

மறுநாள் காலை துரை அதைப் பார்த்ததும் முகம் மாறியது. "சிவப்பா? ஜப்பான் விமானம் என்று எங்கள் ஆட்களே எங்களைச் சுட்டுவிடக்கூடாதென்று எங்கள் வட்டத்தில் இருந்த சிவப்பை அழித்துவிட்டோம், தெரியுமா உனக்கு?"

"தெரியும் சார். நீலம் மட்டும்தான் இருக்கும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

வாயை விட்டுவிட்டேன். வேறு வழியில்லாமல் சயாம் ரயிலைச் சொன்னேன். எந்த இடம், எந்த மாதம் என்று கேட்டார். சொன்னேன். விமானத்தை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். "அது நாங்களாக இருக்கலாம்" என்றார். "யாருக்காவது..." என்று ஆரம்பித்தார்.

ஆபீஸ் ஜன்னலுக்கு நேரே அந்த வீடு. வராந்தாக் கொடியில் கான்ஸ்டபிள்களின் உள்பனியன்கள் காய்ந்துகொண்டிருந்தன. அம்மாவிடம் சொன்னதை இவரிடமும் சொன்னால், என்னைப் பார்க்கும்போதெல்லாம் இவருக்கு அது நினைவு வரும். அப்படிப்பட்ட ஆளை யாராவது தன் ஜன்னலுக்கு எதிரே குடிவைப்பார்களா?

"இல்லை சார். எல்லாரும் காட்டுக்குள் ஓடிவிட்டோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை."

"ஒருவருக்குக்கூடவா?"

அவர் நம்ப வேண்டுமென்றால் கொஞ்சமாவது உயிர்ச்சேதம் வேண்டும் என்று பட்டது. "ஒரு எருமை செத்தது சார்" என்றேன்.

அவர் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். என் தோளைப் பிடித்து உலுக்கினார். சிவப்புப் பொட்டுகள் அப்படியே இருக்கட்டும் என்றார். அந்த வாரமே கான்ஸ்டபிள்கள் கூடாரத்துக்குப் போனார்கள். நான் தந்தி அடித்தேன்.

கல்யாணம் தோட்டத்துக் கோயிலில். ஊரடங்குக்கு முன்னால் எல்லாரும் வீடு திரும்ப வேண்டுமென்று சாப்பாட்டைச் சீக்கிரமே முடித்தோம். துரை வந்திருந்தார். மாமனாருக்கு அதில் நிலைகொள்ளவில்லை. நாற்காலியைத் தன் துண்டாலேயே தட்டிப் போட்டார். துரை எழுந்து, பரீட்சை எழுதித் தேறிய தன் தோட்டத் தமிழில் பேசினார்.

"சண்டையில மேலே நானு, கீழே இந்தக் கிராணி. நானு நல்லா சுட்டான். ஆனா ஒரு ஆளுக்கும் ஒண்ணும் ஆகல்லே. ஒரே ஒரு எருமை செத்துப்போச்சி, அவ்ளோதான்."

பந்தலே சிரித்தது. மாமனார் எல்லாருக்கும் மேலாகச் சிரித்தார். அம்மா வெற்றிலைத் தட்டோடு என் பின்னால் நின்றிருந்தாள். குனிந்து, என் மாலையைச் சரிசெய்வதுபோல, காதோரம் கேட்டாள்.

"எருமையாடா?"

நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் போய் துரைக்கு வெற்றிலை கொடுத்தாள். அதற்குப் பிறகு பதினோரு வருஷம் அதே லயத்தில் இருந்தாள். என் பிள்ளைகளைக் குழாயடியில் வைத்துக் கொஞ்சினாள், என் மனைவியோடு கோயிலுக்குப் போனாள். எங்கள் வீட்டு வாசற்படியை மட்டும் அவள் ஒரு நாளும் மிதிக்கவில்லை.