கைருன்னிஸா ராத்தா எடுத்த சந்தூக்கு

பொறுமையைப் பங்கு வைத்த நாளில் எங்கள் ராத்தா வரிசையில் நின்றிருக்க மாட்டாள். நின்றிருந்தாலும் முன்னால் நின்றவர்களோடு சண்டை பிடித்துக்கொண்டு வெறுங்கையோடு வீடு திரும்பியிருப்பாள். கைருன்னிஸா என்று பெயரைச் சொன்னால் சாய்ந்தமருதில் பாதிப் பேருக்குத் தெரியாது. புடவைக்கார ராத்தா என்றால் கடற்கரைப் பூனைக்கும் தெரியும். மருதமுனைத் தறிக்காரர்களிடம் சாரனும் சாரியும் படுக்கை விரிப்பும் எடுத்து, ஸ்கூட்டியில் முன்னால் ஒரு மூட்டை, பின்னால் ஒரு மூட்டை கட்டி, வீடு வீடாக விற்பாள். கேட்டடியில் நின்று அவள் ஒரு குரல் வைத்தால் அடுப்படியில் நிற்கிறவளுக்கும் கேட்கும், அடுத்த ஒழுங்கையில் பகல் தூக்கம் போடுகிறவருக்கும் கேட்கும்.

நான் அவளுடைய தம்பி, றாஸிக். எதையும் இரண்டு தரம் யோசிக்கிறவன். நான் முதல் தரம் யோசித்து முடிக்குமுன் ராத்தா அதைச் செய்து முடித்து, அதில் இரண்டு பேரோடு கோபித்தும் இருப்பாள். மச்சான் மௌத்தாகிப் பல வருஷம். எங்கள் ஊரில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். அந்த வீட்டை இந்த மனுஷி மூட்டை சுமந்தே கட்டி, மகள் ஸப்னாவை அதில் கலியாணம் முடித்து வைத்தாள். மருமகன் அஸ்ஹர் கட்டாரில். ஸப்னாவுக்கு இது இரண்டாவது பிள்ளை. மூத்தது பிறந்தது ஒப்பரேஷன் செய்து. அடுத்ததற்குப் பிரசவ நோ வந்தால் வீட்டில் ஒரு நிமிஷமும் நிற்கக் கூடாது, உடனே வந்துவிட வேண்டும் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

போன நவம்பர் கடைசியில் புயல் அடித்ததே, அந்த இரவு துணைக்கு என்று நான் ராத்தா வீட்டில் படுத்தேன். படுத்தேன் என்பது பேச்சுக்கு. யார் தூங்கினார்கள்! சுபஹுத் தொழுகைக்குப் பிறகு காற்று ஓய்ந்து வெளியே வந்து பார்த்தால் ஊர் ஊராக இல்லை. யாருடையதோ தண்ணித் தாங்கி எங்கள் முற்றத்தில் குந்திக்கொண்டிருந்தது. ஒழுங்கை முழுக்கத் தகரமும் தென்னை மட்டையும். கரண்ட் கம்பம் மதிலில் சாய்ந்து கிடந்தது. கரண்ட் இரவே போய்விட்டது. டவரும் செத்து, போன் வெறும் டோர்ச் ஆகிவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒழுங்கை வாயில் நின்ற பெரிய வாகை மரம் வேரோடு புரண்டு மதிலுக்கு மதில் அடைத்துக் கிடந்தது. எங்கள் ஒழுங்கைக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் அந்த மரம். வேறு வழி கிடையாது.

அந்த நேரம் பார்த்துத்தான் ஸப்னா கதவைப் பிடித்துக்கொண்டு, "உம்மா, நோகுது," என்றாள்.

ராத்தா என்னைப் பார்த்த பார்வையில் நான் ஓடினேன். மரம் அரியிற மெஷின் எங்கள் பகுதியில் றிம்சான் ஒருவனிடம்தான் இருக்கிறது. அவன் ஒரு ஹாஜியார் வீட்டுக் கூரையில் ஏறி நின்று, அதன் மேல் விழுந்த மாமரத்தை அறுத்துக்கொண்டிருந்தான். பெண்பிள்ளையின் பிரசவத்தை நடுத்தெருவில் நின்று கூவிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "தம்பி, ஒரு அவசரம், வாகை மரத்த வெட்டணும்," என்றேன்.

"எல்லாருக்கும் அவசரம்தான் காக்கா. இத எறக்கிட்டு ஒரு மணித்தியாலத்துல வாறன்," என்றான்.

கோடரி வைத்திருந்த இன்னும் இரண்டு வீடுகளில் கேட்டேன். அங்கேயும் கூரை, கிணறு, கோழிக்கூடு. திரும்பி வந்து, "ஒரு மணித்தியாலமாம் ராத்தா," என்று சொன்னதும் அவள் என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. ஸப்னாவைக் கதிரையில் வைத்துத் தூக்கலாம் என்று பார்த்தோம். இருக்க முடியாமல் அவள் சுருண்டு சரிந்தாள். பாயில் படுக்க வைத்துவிட்டு நிமிர்ந்த ராத்தாவின் கண் ஒழுங்கைக் கடைசியில் இருக்கிற பள்ளிவாசலில் போய் நின்றது.

அடுத்த நொடி அவள் ஓடினாள். என்ன செய்யப் போகிறாள் என்று தெரியாமலே நானும் பின்னால் ஓடினேன்.

பாங்கு சொல்கிற மோதினார் ஜவுபர் காக்கா பள்ளிக்குள் வந்த மழைத் தண்ணியைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"காக்கா, சந்தூக்கத் தாங்க!"

அவர் கையிலிருந்த விளக்குமாறு நின்றது. இறந்தவரின் மையத்தைச் சுமந்து போகிற பெட்டியை வேறு எதற்குக் கேட்பார்கள்? "இன்னாலில்லாஹி... ஆரு, மகள்?"

"ஒருத்தரும் மௌத்தில்ல. ஸப்னாவுக்கு நோ வந்திட்டு. படுக்க வெச்சுத்தான் கொண்டு போகணும்."

"அஸ்தஃபிருல்லாஹ்! உசிரோட இரிக்கிற புள்ளைய, அதுவும் வயித்துப் புள்ளையோட, சந்தூக்குல ஏத்துறதா? ஊரு என்ன செல்லும்?"

"பிந்தினா இந்தச் சாமான் எனக்கு எப்படியும் தேவப்படும் காக்கா. அப்ப தாறத இப்ப தாங்க."

ஜவுபர் காக்கா விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். கதவைத் திறந்து தந்ததோடு நிற்கவில்லை, ஒரு மூலையைத் தானே பிடித்தார்.

பக்கத்து வீட்டு மீன்காரச் சகோதரர்கள் இருவரும் வந்தார்கள். நால்வரானோம். ராத்தா சந்தூக்குக்குள் மெத்தையைப் போட்டு மகளைக் கிடத்தினாள். "உம்மா, இதுலயா?" என்று ஸப்னா அழுதாள். "கண்ண மூடிக்கிட்டு ஸலவாத்து ஓது," என்றாள் ராத்தா. தூறல் விழுந்துகொண்டிருந்தது. மேலே பொலித்தீன் போட்டு, அது காற்றில் பறக்காமல் இருக்கத் தன் மூட்டையிலிருந்து கைக்கு அகப்பட்ட படுக்கை விரிப்பை இழுத்து மூடிக் கட்டினாள். அகப்பட்டது நல்ல கடும்பச்சை. ஜனாஸாவுக்குப் போர்த்துகிற அதே பச்சை. அவசரத்தில் எங்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

தூக்கிக்கொண்டு நடந்தோம். முதல் கேட்டில் நின்ற ஒருவர் எங்களைக் கண்டதும் கையிலிருந்த தகரத்தைப் போட்டுவிட்டு, "இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்," என்று உள்ளே ஓடித் தொப்பியோடு வந்தார். வந்து என் தோளிலிருந்து சந்தூக்கின் கம்பை வாங்கிக்கொண்டார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. மற்ற நாள் என்றால் மௌத்துச் செய்தியைப் பள்ளி ஸ்பீக்கரில் அறிவிப்பார்கள். கரண்ட் இல்லாத ஊரில் கண்ணால் கண்டதுதான் அறிவித்தல். எங்கள் ஆட்கள் ஆயிரம் சோலியில் கிடந்தாலும் சந்தூக்கு போவதைக் கண்டுவிட்டுச் சும்மா நிற்க மாட்டார்கள். ஜனாஸாவுக்குத் தோள் கொடுப்பது அவ்வளவு பெரிய நன்மை. கேட்டுக்குக் கேட்டு ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். தோள் மாறியது, மாறியது, மாறிக்கொண்டே இருந்தது. பெண்கள் ஜனாஸாவோடு போகிற வழக்கமில்லை. ராத்தாவோ எல்லாருக்கும் முன்னால் போனாள். துக்கத்தில் புத்தி தடுமாறிவிட்டது, பாவம் என்று ஒருவரும் தடுக்கவில்லை.

கூரையில் நின்ற றிம்சான் மெஷினை நிறுத்திவிட்டுக் குதித்து வந்தான். கூரைக்காரரான ஹாஜியாரும் அவனுக்குப் பின்னால் வந்தார். "ஆரு, றாஸிக் காக்கா?" என்று றிம்சான் தழுதழுத்தான். நான் வாயைத் திறந்தேன். ராத்தாவின் முழங்கை என் விலாவில் இடித்தது.

"கதைக்காத. நட!"

மரத்தடிக்கு வந்தபோது ஒழுங்கை நிறைய ஆட்கள். "ஜனாஸாவப் பிந்த வைக்கப்படா!" என்று யாரோ சத்தம் வைத்தார்கள். அவ்வளவுதான்! றிம்சானின் மெஷின் உறுமியது. கோடரி எங்கிருந்து வந்தது, கத்தி எங்கிருந்து வந்தது, தோணி இழுக்கிற கயிறு எங்கிருந்து வந்தது என்று தெரியாது. ஒருவன் கிளையைக் கழிக்க, பத்துப் பேர் இழுத்தெறிந்தார்கள். மரத்தூள் மழையோடு சேர்ந்து முகத்தில் அடித்தது. எனக்கு ஒரு மணித்தியாலம் சொன்னவன் வாகை மரத்தைப் பப்பாசிப் பழம்போலக் கூறு போட்டுக்கொண்டிருந்தான். பாதி மரம் போய்விட்டது. அறுத்த துண்டை உருட்டுவதற்காக மெஷினை நிறுத்தினான்.

அந்த அமைதியில், பச்சைப் போர்வைக்குள்ளிருந்து, "உம்மாஆ!" என்று ஒரு கத்தல்.

ஊர் கல்லாகிப் போனது. பின்மூலையைப் பிடித்திருந்த ஹாஜியார் கையை விட்டுவிட்டார். சந்தூக்கு சரிந்தது. நானும் ஜவுபர் காக்காவும் பாய்ந்து தாங்கினோம். ஒருவன் மதிலிலேயே ஏறிவிட்டான். சொன்னால் கோபிப்பான், பெயர் வேண்டாம்.

ராத்தா மரத்தின் மேல் ஏறினாள்.

"ஒருத்தரும் மௌத்தில்ல! என்ட மகளுக்குப் புள்ள பொறக்கப் போகுது! ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறன்! மையத்துண்டா ஓடி வாறீங்க, உசிருக்கு மட்டும் ஒரு மணித்தியாலம் கேக்கிறீங்களா? போறவன் போங்க! நிக்கிறவன் தூக்குங்க!"

ஒருவரும் அசையவில்லை. தூறல் தகரங்களில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. இவர்கள் போய்விட்டால் என் மருமகள் இந்த மரத்தடியிலேயே போய்விடுவாள் என்ற பயத்தில் நான் சந்தூக்கை இறுக்கிப் பிடித்தேன். றிம்சான் ராத்தாவைப் பார்த்தான், சந்தூக்கைப் பார்த்தான். பிறகு குனிந்து மெஷினின் கயிற்றை ஒரே இழுவையாக இழுத்தான்.

அந்தச் சத்தத்தைப்போல ஒரு நல்ல சத்தத்தை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. ஹாஜியார் திரும்பி வந்து விட்ட மூலையைத் தோளில் வாங்கினார். "புள்ள, பயப்படாத, நாங்க இரிக்கம்," என்று போர்வையைப் பார்த்துச் சொன்னார். மதிலில் ஏறியவனும் இறங்கி வந்தான். வழி திறந்தது. சந்தூக்கு ஓடத் தொடங்கியது! மையத்தை மெதுவாகக் கொண்டு போய்ப் பழகிய கால்கள் அன்று பறந்தன. முன்னால் பொடியன்கள், "பொறப்பு! பொறப்பு! வழி விடுங்க!" என்று கத்திக்கொண்டு ஓடினார்கள்.

மெயின் ரோட்டில் கல்முனைப் பக்கத்து பூபாலசிங்கம் டிரெக்டரோடு நின்று, விழுந்த தென்னைகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். சந்தூக்கைக் கண்டதும் தலைத் துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்தார். "ஐயோ, ஆர் செத்தது, தம்பி?"

பச்சைப் போர்வையை நீக்கிக்கொண்டு ஸப்னா தலையைத் தூக்கினாள். "நான் சாகல்ல அண்ணன்! கெதியா எடுங்க டிரெக்டர!"

அந்த மனிதருக்கு மயக்கம் வராதது அல்லாஹ்வின் காவல். டிரெக்டரின் பின்பெட்டியில் சந்தூக்கை ஏற்றி, சுற்றிவர நாங்கள் பிடித்துக்கொள்ள, தண்ணியைக் கிழித்துக்கொண்டு டிரெக்டர் பறந்தது. ஆஸ்பத்திரி வாசலில் நின்ற காவல்காரர் எங்களைக் கண்டு தொப்பியைக் கழற்றினார். "சவச்சாலை அந்தப் பக்கம்," என்று பவ்வியமாகக் கை காட்டினார். ராத்தா அவரிடம் சொன்னதையும் எழுத முடியாது. சந்தூக்கு வெளியே போவதைத்தான் அந்த வாசல் கண்டிருக்கிறது, உள்ளே ஓடி வந்ததை அன்றைக்குத்தான் கண்டது.

உள்ளே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஸப்னாவைத் தள்ளுவண்டியில் மாற்றிக்கொண்டு போனார்கள். கதவு மூடியது.

அதன் பிறகுதான் நான் உண்மையாகப் பயந்தேன். ராத்தா வெறும் சந்தூக்குக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துவிட்டாள். ஒரு சத்தம் இல்லை. இவள் பேசாமல் இருந்து நான் கண்டதில்லை. வெகுநேரம் கழித்து என் கையைப் பிடித்தாள்.

"தம்பி, நான் பிழ செஞ்சிட்டனா? உசிரோட இரிந்த புள்ளைய இதுல ஏத்திட்டனே."

அவளுக்கும் அந்தப் பயம் இருந்திருக்கிறது. பள்ளிக் கதவைத் திறக்கச் சொன்ன நிமிஷத்திலிருந்தே இருந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் முன்னால் நடந்திருக்கிறாள். என் கண் நிறைந்துவிட்டது. "இல்ல ராத்தா," என்றேன். வாழ்க்கையில் முதல் தரம், ஒரு தரம்கூட யோசிக்காமல்.

கதவு திறந்தது. தாதி சுஜித்தா வெள்ளைத் துணியில் ஒரு சின்னப் பொட்டலத்தோடு நின்றாள். "பொம்பிளப் பிள்ளை. தாயும் சுகம். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா..." என்று நிறுத்தி, "இப்ப ஒண்டும் இல்ல அம்மா," என்றாள்.

ராத்தா ஒரு குரல் வைத்து அழுதாள் பாருங்கள், வாசலில் சேறும் மரத்தூளுமாக நின்ற எங்கள் ஆட்களுக்குச் செய்தி சொல்ல யாரும் போகத் தேவைப்படவில்லை. அங்கே அல்லாஹு அக்பர் என்று தக்பீர் முழங்கியது. றிம்சான் குரல்தான் உச்சத்தில்.

எங்கள் வழக்கப்படி பிறந்த பிள்ளையின் காதில் பாங்கு சொல்ல வேண்டும். தகப்பன் கட்டாரில். நான் சொல்ல வேண்டியவன். பிள்ளையைக் கையில் வாங்கினேன், பள்ளிக் கதவைத் திறந்து தந்த மனிதர் பக்கத்தில் நின்றார். ஜவுபர் காக்காவிடம் நீட்டினேன். ஸ்பீக்கர் இல்லாவிட்டால் இந்த மனிதரின் பாங்கு அடுத்த வீட்டுக்கும் கேட்காது என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். அன்று அவர் அந்தச் சின்னக் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, கடைசி வரைக்கும் சொன்னார்.

சொல்லி முடித்துப் பிள்ளையை ராத்தாவிடம் கொடுத்தார்.

"என்ட சந்தூக்குல வந்த எத்தினயோ பேருக்கு மையத்துத் தொழுகைதான் நடத்திரிக்கம் மகள்," என்றார். "பாங்கு சொன்னது இவளுக்கு மட்டும்தான்."