பால் நேரத்துச் சைக்கிள்

என் கணவரின் சைக்கிள் எங்கள் லயத்து வீட்டுச் சுவரில் சாய்ந்து நிற்பதைப் பார்த்தாலே எனக்குக் களைப்பு வந்துவிடும். ரப்பர் பால் கேன்களைக் கட்டிப் போவதற்காக இரும்புக் கெரியர், தடித்த டயர்கள், தூக்க முடியாத பாரம். மூத்தவன் பிறந்து சில மாதங்களில் திரும்பவும் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போனபோது அதைத்தான் ஓட்டினேன். அவன் போத்தலை வாயில் வைக்கவே விடமாட்டான். இடைவேளை மணி அடித்ததும் யட்டியாந்தோட்டை ரோட்டில் மிதித்து, முடக்கில் திரும்பி, தோட்டத்துக் கல் ரோட்டில் ஏறி, அவனை விட்டிருந்த பிள்ளைக்காம்பராவுக்குப் போய்ப் பால் கொடுத்துவிட்டு அடுத்த பாடத்துக்குத் திரும்ப வேண்டும். பல நாள் அவன் அழுது ஓய்ந்த பிறகே போய்ச் சேர்ந்தேன்.

பிள்ளைக்காம்பராவில் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவள் என் நாத்தனார். நான் இரைக்க இரைக்க வந்து இறங்குவதைப் பார்த்து, "இது சைக்கிள் இல்ல அண்ணி, எருமை. மிதிச்சா போகாது, கெஞ்சினாத்தான் போகும்" என்பாள். கொழும்பில் கடையில் வேலைக்கு நின்ற அவள் புருஷன் கொண்டுவந்து போட்டிருந்த பழைய ஜப்பான் சைக்கிளை ஒருநாள் என்னிடம் தந்துவிட்டாள். ஒற்றைக் கையால் தூக்கலாம். டயர்கள் விரல் தடிப்புத்தான். தார் ரோட்டில் அது போன வேகத்தில் எனக்கே பயமாகிவிட்டது. ஆனால் கல் ரோட்டில் ஏறியதும் முன் டயர் வழுக்கியது. நான் விழுந்தால் பிள்ளைக்கு யார் என்று நினைத்து இறங்கித் தள்ளினேன். கூட்டிக் கழித்துப் பார்த்தால் எருமையில் வந்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. இரவல் பொருளைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. திருப்பிக் கொடுப்பதா வைத்துக்கொள்வதா என்று யோசித்துக்கொண்டே தள்ளினேன்.

என் செருப்பில் அப்பியிருந்த புழுதியைப் பார்த்து, "தள்ளிக்கிட்டா வர்றீங்க?" என்று அவளே கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை சைக்கிளைக் கடைத்தெருவுக்குக் கொண்டுபோய், அந்தச் சட்டத்துக்குள் அடங்குகிற அளவுக்குக் கொஞ்சம் தடித்த டயர்களை மாட்டிக்கொண்டு வந்தாள். தார் ரோட்டில் பழைய வேகம் போய்விட்டது. கல் ரோட்டிலோ இறங்கவே வேண்டியிருக்கவில்லை. ரப்பர் இலை உதிர்கிற காலம். டயருக்கடியில் சருகுகள் நொறுங்க நொறுங்க ஏறினேன். பிள்ளை பிறந்த பிறகு முதல் தடவையாக, அவன் அழுகிறானா என்ற நினைப்பில்லாமல் கொஞ்ச தூரம் போயிருக்கிறேன். அது உறைத்ததும் மீதித் தூரத்தை விரட்டி மிதித்தேன்.

தொட்டிலில் அவன் தூங்கிக்கொண்டிருந்தான். நாத்தனார் ஒரு சின்னக் கப்பைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பால்மா கரைச்சுக் குடுத்தேன் அண்ணி, கப்புல குடிச்சுட்டான். இனி நீங்க இப்படி ஓடி வரத் தேவையில்ல."

சந்தோஷப்பட வேண்டிய செய்தி. பால் கட்டிக் கனத்த மாரோடு அப்படியே நின்றேன். அவனை எழுப்பலாமா என்று கேட்க நினைத்து, கேட்காமலே திரும்பினேன்.

இளையவளை ஆரம்பத்திலேயே போத்தலுக்குப் பழக்கிவிட்டேன். அது சரியா பிழையா என்று இன்றைக்கும் தெரியவில்லை. இப்போது இடைவேளையில் எங்கும் போவதில்லை. உட்கார்ந்து கொப்பி திருத்துகிறேன். நாத்தனாரும் கொழும்புக்குப் போய்விட்டாள்.

ஆனால் மூத்தவன் கப்பில் குடித்த மறுநாள், மணி அடித்ததும் என் கால்கள் சைக்கிளிடம்தான் போயின. அவசரப்படாமல் மிதித்து ஏறினேன். நாத்தனார் வாசலில் நின்று பார்த்தாள். கையில் எடுத்திருந்த கப்பைத் திரும்ப அலமாரியில் கவிழ்த்து வைத்துவிட்டு, பிள்ளையைத் தூக்கி என்னிடம் நீட்டினாள்.