தகடு எங்கே கிழியும்?

ஸ்டாம்ப் பேட் மையின் வாசம் வந்தால் எனக்கு உடனே ஒன்பதாம் வகுப்புதான்...

ஸ்கெட்ச் பேனா மூடியை அந்த மையில் தொட்டு, அலுமினியத் தகடு முழுக்கச் சின்ன வட்டங்களாகப் பதித்தோம். நானும் ஸ்டெல்லாவும். பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக. ஜெயித்தால் செங்கல்பட்டில் மாவட்டப் போட்டி. எனக்கு அங்கே போயே ஆக வேண்டும்.

தகட்டின் விளிம்பை இரண்டு இரும்பு வளையங்களுக்கு நடுவில் போல்ட் போட்டு இறுக்குவோம். அடியில், பி.இ.டி. டீச்சரிடம் கெஞ்சி வாங்கிய குண்டு எறிதல் குண்டு. அதற்கும் அடியில், சிறுசேரிக்கு கேப் ஓட்டும் அப்பாவின் கார் ஜாக்கி. சுற்றச் சுற்றக் குண்டு ஏறும், தகடு தொப்பி போல உப்பும், வட்டங்கள் முட்டையாக நீளும். எது அதிகம் நீள்கிறதோ அங்கேதான் தகடு மெலிந்து கிழியும்.

உச்சியில் கிழியும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். வீட்டில் செய்தபோதெல்லாம் உச்சிக்குக் கொஞ்சம் கீழே, பக்கவாட்டில் கிழிந்தது. கண்காட்சியன்று அங்கேயே சிவப்புக் கோடு போட்டேன். கல்பாக்கம் அணுமின் நிலையத்திலிருந்து நடுவராக வந்த சாரிடம், "இங்கதான் சார் கிழியும்" என்றேன்.

உச்சியில் கிழிந்தது.

"இன்னாடி பண்ண?" என்று ஸ்டெல்லாவின் காதில் கேட்டேன்.

"குண்டு துருப்புடிச்சி அசிங்கமா இருந்துச்சு. வர்றவங்க இன்னா நெனைப்பாங்க? அதான் தேங்கா எண்ண தடவி பளபளன்னு ஆக்கினேன்..."

எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"இன்னொரு தகடு இருக்காம்மா?" என்றார் சார். ஒன்று இருந்தது.

கிழிந்ததைக் குனிந்து பார்த்தேன். உச்சியில் இருந்த வட்டங்கள் முட்டையாகாமல், வட்டமாகவே பெருத்திருந்தன. அப்படியானால் வீட்டில், எண்ணெய் படாத காய்ந்த குண்டு தகட்டின் உச்சியை நீள விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. எண்ணெய் அந்தப் பிடியை விடுவித்துவிட்டது.

புதுத் தகட்டின் உச்சியில் சிவப்பு வைத்தேன். ஸ்டெல்லா இன்னும் கொஞ்சம் எண்ணெய் தடவி, ஜாக்கியையும் அவளே சுற்றினாள். உச்சியிலேயே கிழிந்தது!

ஆனாலும் மாவட்டத்துக்குப் போனது மழைநீர் சேகரிப்பு மாடல்தான். முதல் தடவையே சரியாகச் சொல்வதற்குப் பெயர்தான் கணிப்பு என்றார் சார். நியாயம்தான்.

"போயும் போயும் மழத்தண்ணி கிட்ட தோத்துட்டோம்டி" என்றாள் ஸ்டெல்லா.

இப்போது நான் பிளஸ் டூ, உயிரியல். அவள் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல். போன வாரம் போன் செய்தாள்.

"எங்க லேப்ல பெரிய மெஷின் கீதுடி. கேமராவே வட்டத்த அளந்து, எங்க கிழியும்னு கலர் போட்டுக் காட்டுது. நான் சும்மா நின்னுகினு கீறேன். எண்ணெயக் கூட தொட வுட மாட்றாங்க..."