ஆசிரியரின் கட்டுரையில் ஒரு படம்

அந்த மருத்துவ ஆய்விதழின் அலுவலகம் மருத்துவக் கல்லூரியின் மூன்றாம் மாடியில் இரண்டே அறைகள். பதினெட்டு வருடங்களாக அங்கே மெய்ப்புப் பார்த்து, அச்சுக்குப் போகுமுன் பிழை திருத்தியவளுக்கு உடன் வேலை செய்தவர்கள் வைத்த பெயர் ‘சல்லடை’. பட்டப்படிப்பைப் பாதியில் விட்டவள்தான். ஆனால் எழுதியவர் பெரிய டாக்டர் என்பதற்காக ஒரு வரியைக்கூட அவள் சும்மா விட்டதில்லை. நோயாளிகளின் சம்மதக் கடிதம் இல்லையென்றால் எவர் கட்டுரையும் அவள் மேசையைத் தாண்டாது.

பழைய இதழ்களை இணையத்தில் ஏற்றும்போதுதான் அது கண்ணில் பட்டது. இரண்டு கட்டுரைகளில் ஒரே ஈரல் படம். ஒன்றில் ஆரோக்கியமான ஈரல் என்று போட்டிருந்தது. மற்றதில் அதே படம் தலைகீழாக, புதிய மருந்தால் குணமான ஈரல் என்று. இரண்டாவதை எழுதியவர் இதழின் ஆசிரியரேதான். அவளை வேலையில் சேர்த்தவரும் அவர்தான்.

வீட்டில் சொன்னபோது பேருந்து ஓட்டும் கணவர், “பத்து வருஷத்துக்கு முந்தின படம். உனக்கெதுக்கு வம்பு?” என்றார். சாப்பிட்டுக் கை கழுவும்போது அவரே, “சொல்லாம உன்னால இருக்க முடியாது. சொல்லிடு” என்றார்.

காலையில் இரண்டு படங்களையும் ஆசிரியர் முன்னால் வைத்தாள். அவர் ஒன்றைத் திருப்பிப் பார்த்தார். இரண்டும் ஒன்றேதான்.

“வேற யாராவது பாத்தாங்களா?”

“இல்ல சார். வேற யாரோ எழுதியிருந்தா என்ன செய்யச் சொல்வீங்க?”

அவர் இரண்டு படங்களையும் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். வேலை போனது போனதுதான் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தாள். மாலையில்தான் கூப்பிட்டார். “என் விஷயத்துல நானே தீர்ப்புச் சொல்லக் கூடாதும்மா. வெளியாளுங்க ரெண்டு பேர்கிட்ட விசாரிக்கக் கொடுத்துட்டேன்.”

விசாரணை மூன்று வாரம் நடந்தது. அது முடிந்ததும், கட்டுரையைத் திரும்பப் பெறும் அறிவிப்பை அவரே எழுதி அவள் மேசைக்குக் கொண்டுவந்தார். ‘அச்சில் நேர்ந்த தவறு’ என்ற இடத்தில் அவள் பென்சில் நின்றது.

“சார், அச்சகத்து மேல தப்பு இல்லையே.”

அவர் பென்சிலை வாங்கி அதை அடித்துவிட்டு எழுதினார்: ‘என் ஆய்வகத்தில் பழைய படத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். நான் பார்க்காமல் கையெழுத்திட்டேன். இதன் முடிவுகளை நம்ப வேண்டாம்.’

இதழ் வெளியான வாரம் தொலைவிலிருந்த ஒரு மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. அந்தக் கட்டுரையை நம்பி நாற்பது நோயாளிகளுக்கு அதே மருந்தைக் கொடுக்க இருந்தார்களாம்; அறிவிப்பைப் பார்த்து நிறுத்திவிட்டார்களாம். ஆசிரியர் கேட்டுவிட்டு தொலைபேசியை அவளிடம் நீட்டினார்.

“கண்டுபிடிச்சது இவங்கதான். இவங்ககிட்டயே பேசுங்க.”